இருபத்திரண்டாம் வரிசையோடு நின்ற கூட்டல்

அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். எண்பத்து மூன்றில் தரப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தினமும் காலையில் மோல்டிங் ஷாப்பிலிருந்து சீட்டுகள் வரும். எந்த மோல்டில், அதாவது அச்சில், எத்தனை புஷ் வார்த்தார்கள், அதில் எத்தனை தேறாமல் கழிந்தது என்று ஆபரேட்டர்கள் கிறுக்கியிருப்பார்கள். அதையெல்லாம் நீளமான ரெஜிஸ்டரில் ஏற்றி, அடியில் கூட்டிப் போடுவது என் வேலை.

கூட்டல் எனக்கு வரம் மாதிரி. விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தால், கடைசி வரியில் தொகை தயாராக இருக்கும். மேனேஜர் சார் வாசலில் நின்றபடியே, "என்னம்மா, நேத்து ரிஜெக்‌ஷன் எவ்வளவு?" என்பார். தலையை நிமிர்த்தாமல் சொல்வேன். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்திருந்தவரிடம் என்னைக் காட்டி, "எங்ககிட்ட கால்குலேட்டர் கிடையாது சார், இந்தம்மாதான்" என்றார். அதை வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை, "முன்னாடியே சொல்லிட்டே" என்றார்.

தொண்ணூற்றிரண்டில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஸ்டோர் ரூமைத் தடுத்து ஓர் அறை கட்டினார்கள். ஏ.சி. போட்டார்கள். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அட்டை மாட்டினார்கள். ஒன்பது வருஷமாக ரப்பர் வேகும் நாற்றத்தில், தலைக்கு மேலே கடகடக்கும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் நான். அந்த அறைக்குள் எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போட்டார்கள், ஆனால் வேறொருத்திக்கு.

அவளுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை, குடும்பம் குவார்ட்டர்ஸில். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தாள். முதல் நாளே என் மேஜைக்கு வந்து, "அக்கா, நீங்கதான் எல்லாத்தையும் கைக்குள்ள வச்சிருக்கீங்கன்னு சார் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்" என்றாள். கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு வசதியாக இல்லை. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் வெளிப்படையாகவே வெறுத்திருக்கலாம்.

என் ரெஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் அதைத் திரைக்குள் கொண்டுவந்துவிட்டாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மேலே A, B, C என்று பத்திகள், பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசைகள். எங்களிடம் பதினெட்டு மோல்டுகள் இருந்தன. அவை ஐந்தாம் வரிசையிலிருந்து இருபத்திரண்டாம் வரிசை வரை நின்றன. C பத்தியில் வார்த்த எண்ணிக்கை, D-யில் கழிந்தது. இருபத்து மூன்றாம் வரிசையில் மொத்தம். E-யில், மொத்தக் கழிவில் ஒவ்வொரு மோல்டின் பங்கு என்ன சதவீதம் என்று வரும். அந்தச் சதவீதத்தை நான் ரெஜிஸ்டரில் போட்டதே இல்லை. பதினெட்டு வகுத்தல் போட யாருக்கு நேரம் இருக்கிறது? அவள் ஒன்றைப் போட்டு, அதைக் கீழே நகல் எடுத்தாள். பதினெட்டும் ஒரு கணத்தில் வந்து நின்றன.

மேனேஜர் சார் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடேயப்பா!" என்றார். எனக்கு ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அந்த "அடேயப்பா" கிடைத்ததில்லை.

அன்றிலிருந்து வாசலில் நின்று கேட்பதை அவர் நிறுத்திவிட்டார். நேராக ஏ.சி. அறைக்குப் போனார். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அவள் சிரிக்கும் சத்தம், பிரின்டர் கரகரவென்று ஓடும் சத்தம், கிழித்தெடுத்த தாளின் துளை போட்ட ஓரங்களை அவள் அழகாக மடித்துக் கிழிக்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் என் காது தனியாக வளர்ந்திருந்தது. அவள் கட்டி வரும் காட்டன் புடவையின் கஞ்சி மடிப்புகூட என்னை உறுத்தியது. ஆவடியிலிருந்து ரயிலில் நசுங்கி வந்தும் எப்படி அந்த மடிப்பு கலையாமல் இருக்கிறது என்று யோசிப்பேன்.

ஒருநாள் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் செய்ததைத் தள்ளி நின்று பார்த்திருந்தேன் அல்லவா, அதே மாதிரி காலியாக இருந்த F பத்தியில் செய்து பார்த்தேன். முதல் கட்டத்தில் D5-ஐ D23-ஆல் வகுத்தேன். சரியான விடை வந்தது. அதைக் கீழே நகல் எடுத்தேன். இரண்டாவது கட்டத்திலிருந்து பிழை, பிழை என்று வரிசையாகக் கத்தியது. எதை அழுத்தினால் அது அழியும் என்று தெரியவில்லை.

அதற்குள் சீட்டுக் கொடுக்க வந்த மோல்டிங் ஆபரேட்டர் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டான். "இன்னாக்கா, உனுக்கே கணக்கு தப்பா வருதா?" என்று சிரித்தான். அவன் பின்னாலேயே அவள் வந்தாள். திரையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "ஒண்ணுமில்லக்கா, ஒரு டாலர் குறி போடணும். அவ்வளவுதான்" என்று என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி எதையோ தட்டினாள். பிழைகள் எல்லாம் எண்களாக மாறின. டாலரை எங்கே போட்டாள், ஏன் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்பதைவிடச் செத்துவிடலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமையே முகப்பேரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். வீட்டில் சர்ச் கொயர் பிராக்டீஸ் என்று சொன்னேன்.

முகப்பேரில் அப்போது ஹவுசிங் போர்டு பிளாக்குகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். "பஸ் ஸ்டாப்பில் இறங்கி, இடது பக்கம் மூன்றாவது பிளாக், இரண்டாவது மாடி" என்று வழி சொல்லியிருந்தார்கள். நான் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கிவிட்டேன். தெரியாமல் அங்கேயிருந்தே இடது பக்கம் மூன்றாவது பிளாக், இரண்டாவது மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். யாரோ ஓர் அம்மாள் மாவுக் கையோடு திறந்தாள். விசாரித்து, நடந்து, வகுப்புக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தவன் என்னைவிடச் சின்னவன். ஏன் தாமதம் என்று கேட்டான், சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், ஃபார்முலாவும் உங்களை மாதிரிதான்" என்றான். "D23-ன்னு நீங்க எழுதறீங்க. அது அதை அட்ரஸா எடுத்துக்கறதில்ல, வழியா எடுத்துக்குது. நான் நிக்கிற கட்டத்துலேர்ந்து இடது பக்கம் ரெண்டு, கீழ பதினெட்டு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நகல் எடுத்து ஒரு வரிசை தள்ளி இறக்கிவிட்டா, அங்கேர்ந்து அதே வழியில போகும். D24-ல யாரும் இல்ல. காலிக் கட்டத்தால வகுக்கச் சொன்னா பிழைன்னுதான் சொல்லும். 23-க்கு முன்னாடி டாலர் போட்டீங்கன்னா, கதவு நம்பரைக் கையில எழுதிக் கொடுத்த மாதிரி. எங்க இறக்கிவிட்டாலும் அந்த வீட்டுக்கே வந்து நிக்கும்."

புரிந்த சந்தோஷத்தைவிட, இவ்வளவுதானா என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. இதற்கா அந்த "அடேயப்பா"?

எட்டுச் சனிக்கிழமை போனேன். ரேஞ்ச் என்றால் என்ன என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் சொன்னால் போதும், இடையில் இருப்பதெல்லாம் அதில் அடங்கும். நடுவில் புது வரிசை ஒன்றை நுழைத்தால் ரேஞ்ச் தானே நீண்டுகொள்ளும். கடைசி வரிசைக்கும் கீழே நுழைத்தால் நீளாது. "நிறையப் பேர் இங்கதான் வழுக்கி விழறாங்க" என்றான் அவன். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் கொயர் எழுந்து நின்று பாடியபோது நான் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து, "நீ எப்போ பாடப்போறே?" என்றார். வெளியே வந்ததும் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உன் குரலை எவன் சேர்த்துக்கிட்டான்னு நானும் யோசிச்சுட்டுத்தான் இருந்தேன். படிக்கறதுல என்ன தப்பு? அதை ஏன் மறைக்கணும்?" என்றார். ஏன் மறைத்தேன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடக்கூடாது. நான் அவளைப் பார்த்துப் படிக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அவ்வளவுதான்.

ஜனவரியில் மூன்று புது மோல்டுகள் வந்தன. அவள் திரையில் புதிதாக மூன்று வரிசைகளை நுழைத்தாள். மொத்த வரிசைக்கு நேர் மேலே, பழைய கடைசி மோல்டுக்குக் கீழே. மொத்தம் இருபத்தாறாம் வரிசைக்கு இறங்கியது. கூட்டல் மட்டும் ஐந்திலிருந்து இருபத்திரண்டு வரை என்று பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

வாரக் கணக்கை அச்சிட்டு, முதல் வாரத் தாளின் ஒரு பிரதியை வழக்கம்போல என் மேஜையிலும் வைத்தாள். பழக்க தோஷம், விரலை வைத்து D பத்தியில் கீழே இழுத்தேன். எனக்கு ஐந்நூற்று ஒன்பது வந்தது. அடியில் நானூற்றுப் பன்னிரண்டு என்று அச்சாகியிருந்தது. இன்னொரு தடவை கூட்டினேன். ஐந்நூற்று ஒன்பதுதான். வித்தியாசம் தொண்ணூற்றேழு. கடைசி மூன்று வரிசைகளைப் பார்த்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தெட்டு. தொண்ணூற்றேழு.

சதவீதப் பத்தியின் கூட்டலும் அதே இடத்தில் நின்றுபோயிருந்ததால் அதன் அடியில் அழகாக நூறு என்று இருந்தது. பார்த்த யாருக்கும் சந்தேகம் வராது.

நான் எழுந்து நாலு அடி நடந்திருந்தால் போதும். கதவைத் திறந்து, "இருபத்திரண்டை இருபத்தைந்தா மாத்தும்மா" என்றால் போதும். நான் பென்சிலை எடுத்தேன். இன்னும் விடாமல் எழுதிவந்த என் ரெஜிஸ்டரின் ஓரத்தில், சின்னதாக 509 என்றும், அதன் பக்கத்தில் 412 என்றும் எழுதினேன். தேதி போட்டேன். ரெஜிஸ்டரை மூடினேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் ருசியாகத்தான் இருந்தது.

இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரமும், நான்காம் வாரமும். ஒவ்வொரு வாரமும் பென்சிலில் இரண்டு எண்கள். மேனேஜர் சார், "மூணு மோல்டு கூடியும் ரிஜெக்‌ஷன் ஏறவே இல்ல, பார்த்தீங்களா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முகம் மலர்ந்து நிற்பாள். எனக்குள் ஒன்று சொல்லும், இரு, இரு என்று.

பிப்ரவரியில் எங்கள் புஷ்ஷை வாங்கும் லாரி கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். முதலில் மோல்டிங் ஷாப்பைச் சுற்றிப் பார்த்தார். புது மோல்டுகளுக்குப் பக்கத்தில் கழிவுப் பெட்டிகள் நிரம்பி வழிவதைப் பார்த்தார். பிறகு மேனேஜர் அறையில் உட்கார்ந்து நாலு வாரத் தாள்களைக் கேட்டார். நானும் அவளும் சுவரோரம் நின்றோம். அவர் கால்குலேட்டரை எடுத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் மூன்று வரிசைகளின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்து, மறுபடி தட்டினார்.

"இந்த மூணும் உங்க மொத்தத்துல இல்ல சார்" என்றார். "நாலு வாரமும் இல்ல. மறந்துட்டீங்களா, மறைச்சீங்களா?"

மேனேஜர் சாரின் காது சிவந்தது. "இல்ல சார், கம்ப்யூட்டர்…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். வந்தவர் போன பிறகு, ஷாப்பிலிருந்து வந்து நின்ற ஆபரேட்டர்கள் முன்னாலேயே அவளைத் திட்டினார். "ஆறு மாசம் படிச்சேன்னு சொன்னியே, கூட்டல் படிக்கலியா? இந்தம்மா பத்து வருஷமா ஒரு நாள் தப்பு போட்டதில்ல. நாளையிலேர்ந்து மறுபடி ரெஜிஸ்டர்தான்!"

நான் காத்திருந்த வார்த்தை அதுதான். எனக்கே எனக்காக வந்தது. வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் அழுதுகொண்டே என் மேஜைக்கு வந்தாள். "எந்த வாரத்துலேர்ந்து தப்புன்னு பாக்கணும்க்கா, உங்க ரெஜிஸ்டரைக் குடுங்க" என்றாள். எனக்குச் சட்டென்று பென்சில் ஞாபகம் வந்தது. நான் கை வைப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள். 509, 412. பக்கத்தைத் திருப்பினாள். திருப்பினாள். நாலு வாரத்தையும் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் ரெஜிஸ்டரை என் பக்கம் இழுத்து மூடினேன்.

"தெரிஞ்சும் சொல்லலியே. அக்கா அக்கான்னு சுத்தி வந்தேனே, நான் என்ன செஞ்சேன் உங்களுக்கு?"

"ஒண்ணும் செய்யல" என்றேன். அதுதான் நிஜம். அவள் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதனால ஆச்சுன்னும் தெரியுமா?" என்றாள். நான் எழுந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனேன். அவள் நின்றபடி பார்த்தாள். கூட்டல் கட்டத்துக்குப் போய், இருபத்திரண்டை அழித்து இருபத்தைந்து என்று போட்டேன். எண் மாறியது. பிறகு மொத்தத்துக்கு மேலே இன்னொரு வரிசை நுழைத்து, அதில் சின்னக் கோடுகளாக அடித்து, கூட்டலை அந்தக் கோட்டு வரிசை வரைக்கும் நீட்டினேன். "கோடு எழுத்துதான், அதுக்கு மதிப்பு பூஜ்யம். இனிமே கோட்டுக்கு மேல எத்தனை மோல்டு சேர்த்தாலும் ரேஞ்சுக்குள்ளயே விழும். தானா நீண்டுக்கும்" என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. அந்த நிலையிலும் இருந்தது. அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்ற பயம் பாதி, இரவெல்லாம் புரண்டது பாதி. நாலு வாரமாகத் தெரியும், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், வேலையைவிட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன்.

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார்.

"கத்துக்கிட்டேன் சார்."

"எப்போ? எங்கே?" முகப்பேர் கதையைச் சொன்னேன். கொயர் பொய்யையும் சொன்னேன். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா!" என்றார். எதை என்று எனக்கு விளங்கவில்லை. கூட்டல் தப்பையா, படித்ததையா? அவர் மனதில் நின்றது இரண்டாவதுதான். அந்த வாரமே ஏ.சி. அறையில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். அறிக்கைகள் எல்லாம் என் கையெழுத்தோடு போக வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

அவளைக் கூப்பிட்டு அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் என்னிடம் ஒரே ஒருமுறை அதைப் பற்றிப் பேசினாள். "தெரியாம செஞ்சதுக்கு எனக்கு ஏச்சு. தெரிஞ்சு செஞ்சதுக்கு உங்களுக்கு நாற்காலி" என்றாள். சத்தம் போடவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். அதில் கூட்டல் தப்பு இல்லை.

மூன்று மாதம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். வேலைக்கு வேண்டியதைப் பேசினோம். அதன் பிறகு கிண்டியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடைசி நாளில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்திருந்தேன். ஆட்கள் இருந்தார்கள். பிறகு அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது.

ஐந்தாறு வருஷம் கழித்து, ஆவடி லோக்கலில் பெண்கள் பெட்டியில் அவளைப் பார்த்தேன். மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். இப்போது அவளுக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பம்பாய்க்கு விமானத்தில் போகிறாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. பெருமையடிக்கவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன். ரயில் சத்தத்தில் கேட்டதோ என்னவோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.

"கேட்டுச்சு" என்றாள். சேலைத் தலைப்பால் குழந்தையின் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்தாள். "விடுங்க" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அண்ணனூர் ஸ்டேஷன் தாண்டும்வரை இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவடியில் இறங்கிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியேறிப் போவதைப் பார்த்தேன். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டாயிற்று, மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆனால் மனசுக்குள் பன்னிரண்டு பேர், விமானம் என்று கணக்கு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.